லண்டனில் ஆறு இரவு: நடுவிலா, ஈஸ்ட்ஹாமிலா?

தாமரைஇலை

வணக்கம். ஆகஸ்டில் லண்டன் போகிறோம். நானும் அவரும், ஒன்பது வயது மகன், எழுபது வயது அம்மா. ஆறு இரவு. காலையில் ஹீத்ரோவில் இறங்குகிறோம். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். சமதரை என்றால் நடப்பார், படியைப் பார்த்தால் முகம் மாறிவிடும். முட்டை கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் வெளியில் எதையும் தொடவும் மாட்டார்.

இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று நகர நடுவில் புளூம்ஸ்பரியில், பிரிட்டிஷ் மியூசியம் பக்கத்தில் ஒரு பழைய ஹோட்டல். நான்கு பேருக்கு ஒரே அறை கிடையாதாம், இரண்டு சின்ன அறை எடுக்கணும். இன்னொன்று நகரத்தின் கிழக்குப் பக்கம் ஈஸ்ட்ஹாமில் சமையலறையோடு ஒரு முழு வீடு, ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை. வாடகை ஹோட்டலில் பாதிதான். அவர் "நடுவில் தங்குவோம்" என்கிறார். நாத்தனார் "ஈஸ்ட்ஹாம் போ, இட்லி தோசைக்குக் கவலையே இல்லை" என்கிறாள். பையனுக்கு டைனோசார் பார்க்கணும், டவர் பார்க்கணும், வேறொன்றும் வேண்டாம்.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்

நடுவில்தான். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை செலவு மிச்சம் என்று வெம்பிளியில் தங்கினோம். அந்தப் பயணத்தை இப்போது நினைத்தால் முதலில் கண்முன் வருவது ஜூபிலி லைன் ரயில் சீட் துணியின் டிசைன்தான். அவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்! இரண்டாம் தடவை புளூம்ஸ்பரி. மதியம் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டு, நாலு மணிக்கு மறுபடி கிளம்பினோம். ஆகஸ்டில் எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

எழுபது வயது முட்டிக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று வாடகைக் கணக்கில் தெரியாது. ஈஸ்ட்ஹாமிலிருந்து காலையில் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவீர்கள். நடுவில் அம்மா எங்கே உட்காருவார்? பார்க் பெஞ்சிலா?

கிழக்குலண்டன்

தங்கச்சி, நான் இஞ்ச இருபது வருசத்துக்கு மேல இருக்கிறன். ஜன்னலோரம் சொல்லுறதை அப்பிடியே கேளாதேங்கோ. வெம்பிளி வேற, ஈஸ்ட்ஹாம் வேற. ரெண்டையும் "வெளியில" எண்டு ஒரே சாக்கில போட்டுக் கட்டக்கூடாது.

டியூப் (சுரங்க ரயில்) மேப்பை எடுத்து டிஸ்ட்ரிக்ட் லைனை மட்டும் பாருங்கோ, பச்சைக் கோடு. ஈஸ்ட்ஹாமில ஏறினா டவர் ஹில், வெஸ்ட்மின்ஸ்டர், விக்டோரியா, சவுத் கென்சிங்டன் எல்லாம் அந்த ஒரே கோட்டிலதான் வருது. உங்கட மகன்ர டவரும் அதில, டைனோசார் நிக்கிற நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியமும் அதில. இறங்கி மாறுற வேலையே இல்லை. போ ரோட் வரைக்கும் ரயில் நிலத்துக்கு மேலதான் ஓடும், அம்மா வெளியில பாத்துக்கொண்டு வரலாம். பெட்டிக்கு ஏசியும் இருக்கு. ஆழத்தில ஓடுற நோர்தேர்ன், சென்ட்ரல் லைன்களில ஆகஸ்ட் மாசம் ஒருக்கா ஏறிப் பாருங்கோ, விளங்கும். 2022 ஜூலையில இஞ்ச 40 டிகிரியைத் தாண்டினது. பழைய ஹோட்டல் கனத்துக்கும் ஏசி கிடையாது.

அம்மா சாப்பிடுற சாப்பாடு ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில ரெண்டு பக்கமும் இருக்கு. சர்ச் ரோட் முருகன் கோயிலும் கிட்டத்தான். வீட்டில அடுப்பும் இருக்கு. வேற என்ன வேணும்?

கணக்குப்புலி

இரண்டு பேரும் பெரிதுபடுத்துகிறீர்கள். எண்ணிக்கையில் போட்டுப் பார்ப்போம்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் அரை மணிக்குக் கொஞ்சம் மேல். வாசலிலிருந்து வாசலுக்கு 50 நிமிடம் என்று வைப்போம். புளூம்ஸ்பரியில் தங்கினாலும் எல்லாம் காலடியில் இல்லை, சவுத் கென்சிங்டன் போக அங்கேயிருந்தும் அரை மணி ஆகும். ஆக ஒரு நடைக்கு 20 நிமிட வித்தியாசம், போகவர 40. ஆறு இரவில் முழு நாள் ஐந்து. மொத்தம் 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம். அதற்காக இரண்டு மடங்கு வாடகை கொடுக்க மனம் வருகிறதா என்பதுதான் கேள்வி.

ஆனால் மதியம் திரும்புவதாக இருந்தால் நடை இரட்டிப்பு. ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரே நாளில் நான்கு தடவை 50 நிமிடம் யாரும் போக மாட்டார்கள். அந்த இடத்தில் ஜன்னலோரம் சொல்வது சரி.

பையனுக்கு 11 வயது ஆகவில்லை என்றால் பெரியவர்களோடு டியூபில் இலவசம். நீங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பேங்க் கார்டு (கான்டாக்ட்லெஸ்) தொட்டால் போதும். ஒரே கார்டை மூன்று பேருக்குத் தொட முடியாது, அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஜன்னலோரம்

புலியாரே, 20 நிமிடம் என்பது உட்கார இடம் கிடைத்தால். காலை எட்டரைக்கு டிஸ்ட்ரிக்ட் லைனில் நகரத்துக்குள் போகும் கூட்டத்தில் அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் 20 நிமிடமும் என் 20 நிமிடமும் ஒன்றா?

இன்னொன்று. கோபப்படாதீர்கள் கிழக்குலண்டன் அண்ணே, தோசைக்கும் கோயிலுக்குமாக ஈஸ்ட்ஹாமில் போய்த் தங்குவதற்கு லண்டன் எதற்கு? ஊரிலேயே இருந்துவிடலாமே. ஜன்னலைத் திறந்தால் லண்டன் தெரியணும்.

கிழக்குலண்டன்

கோபம் இல்லை, சிரிப்புத்தான் வருது. ஈஸ்ட்ஹாம் என்ன கொழும்பிலயா இருக்கு? 2012 ஒலிம்பிக்ஸ் நடந்த ஸ்ட்ராட்ஃபோர்ட் எங்கட நியூஹாம் கவுன்சிலுக்குள்ளதான். பக்கிங்ஹாம் அரண்மனை கேட்டில நிக்கிற சனத்தில லண்டன்காரர் எத்தினை பேர் எண்டு நினைக்கிறியள்? எல்லாரும் உங்களை மாதிரி போனில படம் பிடிக்க வந்தவை. லண்டன்காரர் சனிக்கிழமை மரக்கறி வாங்கிறது என்ர தெருவில.

எட்டரைக்கு ஏறச் சொல்லி ஆர் சொன்னது? பத்து மணிக்கு ஏறினா நிம்மதியா இருந்து போகலாம். விடுமுறைக்கு வாற ஆக்கள் ஏன் வேலைக்குப் போற ஆக்களோட முண்டியடிக்க வேணும்?

மூட்டைமுடிச்சு

நீங்கள் இருவரும் ரயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் படியைப் பற்றிப் பேச வந்தேன், ஏனென்றால் என் மாமியாரோடு நான் பட்ட பாடு அப்படி.

ஏர்ல்ஸ் கோர்ட் பக்கம் ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம். படத்தில் வெள்ளைத் தூண் வைத்த அழகான வாசல். போய் இறங்கினால் வாசலுக்கே ஆறு படி. உள்ளே எங்கள் அறை "லோயர் கிரவுண்ட் ஃப்ளோர்". அப்படி என்றால் நிலவறை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்னும் பதினைந்து படி கீழே. ஜன்னல் உண்டு, அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரியும். ஜன்னலோரம் சொல்லும் லண்டன் அதுதான் போல! லிஃப்ட் கேட்டேன். பழைய கட்டடம், வைக்க அனுமதி இல்லை என்றார்கள். புளூம்ஸ்பரியிலும் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வரிசைவீடுகளைத்தான் பல இடத்தில் ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். லிஃப்ட் இருக்கிறதா, அறை எந்த மாடி, வாசலில் எத்தனை படி என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். "லிஃப்ட் உண்டு" என்று மட்டும் சொன்னால் நம்பாதீர்கள், அரைமாடியில் போய் நிற்கும் லிஃப்டும் உண்டு.

ஸ்டேஷனும் அப்படித்தான். 270க்கு மேல் டியூப் ஸ்டேஷன் இருக்கிறது, படியில்லாமல் போய்வரக்கூடியது ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். புளூம்ஸ்பரிக்கு நெருக்கமான ரஸ்ஸல் ஸ்கொயரில் லிஃப்ட் உண்டு, லிஃப்டை விட்டு இறங்கியபின் பிளாட்பாரத்துக்குப் படியும் உண்டு. கிங்ஸ் கிராஸ் வரைக்கும் நடந்தால் அங்கே முழுக்க லிஃப்டிலேயே போகலாம், ஆனால் ஸ்டேஷனுக்குள்ளேயே ஒரு கிராமம் சுற்றிவந்த களைப்பு வரும்.

ராக்கோழி

யாருமே ராத்திரியைப் பற்றிப் பேசவில்லையே! லண்டன் போய் ஒரு நாடகம் பார்க்காமல் வருவீர்களா? வெஸ்ட் எண்டில் காட்சி முடிய பத்தரை ஆகும். வெள்ளி, சனி ராத்திரி முழுக்க ஓடும் நைட் டியூப் சென்ட்ரல், விக்டோரியா, ஜூபிலி, நார்தர்ன், பிக்கடிலி ஐந்தில்தான். அண்ணன் கொண்டாடும் டிஸ்ட்ரிக்ட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நடுவில்.

கிழக்குலண்டன்

தம்பி, ஒன்பது வயசுப் பிள்ளையும் எழுபது வயசு அம்மாவும் விடிய மூண்டு மணிக்கு எங்க நிக்கப் போகினம்? பத்தரைக்கு நாடகம் முடிஞ்சாலும் டிஸ்ட்ரிக்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சாமத்துக்குப் பிறகுதான் நிப்பாட்டுவினம். நீர் உம்மட பயணத்துக்கு இடம் பாக்கிறீர்.

ராக்கோழி

சரி, அதில் தோற்றேன். ஆனால் பஸ்ஸை யாரும் சொல்லவில்லை. படியே இல்லாமல் லண்டன் சுற்ற பஸ்தான் வழி, எல்லா பஸ்ஸும் தாழ்தளம், சாய்தளப் பலகையும் உண்டு. புளூம்ஸ்பரி பக்கத்தில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு வழியாக 24ஆம் நம்பர் ஓடுகிறது. டிரஃபால்கர் ஸ்கொயர், வெஸ்ட்மின்ஸ்டர், விக்டோரியா எல்லாம் உட்கார்ந்தபடியே. காசு வாங்க மாட்டார்கள், கார்டு தொடணும். முதல் பஸ்ஸில் தொட்டு ஒரு மணிக்குள் அடுத்த பஸ் ஏறினால் அதற்குக் கட்டணம் கிடையாது. இதெல்லாம் நடுவில் தங்கினால்தான் பயன்படும். ஈஸ்ட்ஹாமிலிருந்து பஸ்ஸில் கிளம்பினால் டவர் வந்து சேர்வதற்குள் பையன் தூங்கிவிடுவான்.

கணக்குப்புலி

இன்னொரு விஷயம், ஈஸ்ட்ஹாம் வீட்டைப் பற்றி. லண்டனில் ஒரு முழு வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு ஒரு காலண்டர் வருடத்தில் 90 இரவுக்கு மேல் விட வேண்டுமானால் கவுன்சிலில் திட்ட அனுமதி வாங்கணும். 2015இல் வந்த விதி. ஆகஸ்ட் என்றால் வருடத்தில் பாதிக்கு மேல் ஓடியிருக்கும். வீட்டுக்காரர் 90ஐ முடித்துவிட்டு "வேறொரு இணையத்தளம் வழியாகப் பணம் கட்டுங்கள்" என்று சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள்.

எனக்கு நடந்தது வேறு. கிளம்ப பத்து நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் ரத்து செய்தார், காரணம் சொல்லவே இல்லை. பணம் முழுசாகத் திரும்பி வந்தது. ஆனால் பத்து நாளில் நாலு பேருக்கு லண்டனில் இடம் தேடிப் பாருங்கள். ஹோட்டலில் அந்தத் தலைவலி அநேகமாகக் கிடையாது. வாடகையில் பாதி மிச்சம் என்று சொல்கிறவர்கள் இதையும் தட்டில் வைக்கணும்.

கிழக்குலண்டன்

அது ஞாயமான கதை. தெரிஞ்ச ஆக்கள் வழியா விசாரிச்சு எடுக்கிறதுதான் நல்லம்.

தாமரைஇலை

எல்லாருக்கும் நன்றி. மூட்டைமுடிச்சு சொன்னதைப் படித்துவிட்டு நேற்று இரண்டு இடத்துக்கும் எழுதிக் கேட்டேன்.

ஹோட்டல்: இரண்டு அறையும் மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.

ஈஸ்ட்ஹாம் வீடு: வரிசைவீடு. கீழே ஹால், சமையலறை. படுக்கையறை எல்லாம் மாடியில். பாத்ரூமும் மாடியில் ஒன்றே ஒன்றுதான். மாடிப்படிப் படம் அனுப்பினார், ஏணி மாதிரி நிற்கிறது.

இப்போது என்ன செய்ய? ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பார் அம்மா.

மூட்டைமுடிச்சு

பார்த்தீர்களா! இரண்டு நாளாக ரயில் ரயில் என்று சண்டை, எமன் படியில் உட்கார்ந்திருக்கிறான்.

கிழக்குலண்டன்

உண்மையைச் சொல்லோணும், எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். இந்தப் பக்கத்து வீடுகள் நூறு வருசத்துக்கு முந்திக் கட்டினது, படி ஒடுக்கம். என்ர அம்மா வந்து நிண்ட காலத்தில ஹாலிலதான் கட்டில் போட்டது. எழுதேக்க நினைவு வரேல்ல, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

அப்ப ஸ்ட்ராட்ஃபோர்ட் பாருங்கோ. புதுக் கட்டடம், லிஃப்ட், ஸ்டேஷனும் படியில்லாமப் போகலாம். எலிசபெத் லைனில லிவர்பூல் ஸ்ட்ரீட் பத்து நிமிசம்கூட இல்லை.

ஜன்னலோரம்

ஸ்ட்ராட்ஃபோர்டா? ஒரு பெரிய மால், அதைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டடம். ஈஸ்ட்ஹாமுக்காவது ஒரு முகம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். இதற்கு அது எவ்வளவோ மேல்.

லிஃப்ட் உள்ள புதுக் கட்டடம்தான் வேண்டுமென்றால் டவர் ஹில், ஆல்ட்கேட் பக்கம் பார்க்கலாமே. அங்கே சமையல் மேடையோடு சேர்ந்த அறைகள் உள்ள புது ஹோட்டல்கள் உண்டு. டவர் நடந்துபோகும் தூரம். மதியம் திரும்பிவரலாம்.

ராக்கோழி

டவர் ஹில் சனி ஞாயிறு வெறிச்சென்று இருக்கும், சொல்லிவிட்டேன். வேலைநாள் கூட்டம் போனால் பாதிக் கடை சாத்திவிடுவார்கள். ஆல்ட்கேட் தாண்டிக் கிழக்கே ஒயிட்சாப்பல் பக்கம் வந்தால் பரவாயில்லை, அங்கே தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

கணக்குப்புலி

ஒயிட்சாப்பல் என்றதும்தான் பொறி தட்டியது. ஹீத்ரோவில் எலிசபெத் லைன் ஏறினால் ஒயிட்சாப்பல் வரை மாறவே வேண்டாம். முக்கால் மணி போல ஆகும், ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டு. பிக்கடிலி லைனைவிடக் கட்டணம் கூடுதல்தான், ஆனால் நான்கு பெட்டியும் ஒரு அம்மாவும் இருக்கும்போது அதைப் பார்க்கக்கூடாது. அதே ஸ்டேஷனில் டிஸ்ட்ரிக்ட் லைனும் நிற்கிறது. மேற்கே போனால் டவர் ஹில், வெஸ்ட்மின்ஸ்டர், சவுத் கென்சிங்டன். கிழக்கே போனால் இருபது நிமிடத்துக்குள் ஈஸ்ட்ஹாம்.

கிழக்குலண்டன் சொன்ன பச்சைக் கோடு, ஜன்னலோரம் சொன்ன மதியத் தூக்கம், இரண்டும் இங்கே கிடைக்கிறது. வாடகை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். ஆல்ட்கேட் ஈஸ்ட் ஸ்டேஷனும் அதே லைன்தான், ஆனால் அங்கே படி உண்டு. ஆகவே அம்மாவோடு போகும்போது ஒயிட்சாப்பல் அல்லது டவர் ஹில்லில் ஏறுங்கள்.

மூட்டைமுடிச்சு

லிஃப்ட் உள்ள இடத்திலும் அறை எந்த மாடி என்று கேளுங்கள், மேல் மாடி கொடுத்தால் வாங்காதீர்கள். லிஃப்ட் பழுதாகும் நாள் ஒன்று வரும். எங்களுக்கு வந்தது.

தாமரைஇலை

ஆல்ட்கேட்டுக்கும் ஒயிட்சாப்பலுக்கும் நடுவில் ஒன்று கிடைத்துவிட்டது. முதல் மாடி, லிஃப்ட், வாசலில் படி இல்லை, சின்ன அடுப்பு, நான்கு பேரும் ஒரே இடத்தில் படுக்கலாம். ஸ்டேஷன் எட்டு நிமிட நடை, வழி சமதரை என்கிறார்கள். விலை புளூம்ஸ்பரியைவிடக் குறைவு, ஈஸ்ட்ஹாமைவிட நிறையவே அதிகம். அவர் கொஞ்சம் முனகினார், போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். அண்ணா, அன்றைக்கு டிஸ்ட்ரிக்ட் ஓடுமா?

கிழக்குலண்டன்

வெள்ளி பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சனி ஞாயிறுதான் பராமரிப்பு வேலை எண்டு ஒரு துண்டை மூடிவிடுவினம். போற கிழமை டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து நிறுவனம்) இணையப் பக்கத்தில ஒருக்கா பாத்திட்டுக் கிளம்புங்கோ. கோயிலுக்கு ஈஸ்ட்ஹாம் ஸ்டேஷனில இருந்து அம்மாவை நடக்க விடாதேங்கோ, பஸ் இருக்கு.

கடைசியில கிழக்குக்குத்தான் வந்திருக்கிறியள். சந்தோசம்.

ஜன்னலோரம்

அண்ணே, அங்கேயே நில்லுங்கள். டவருக்குக் கூப்பிடு தூரம், ஆல்ட்கேட் ஈஸ்ட் ஸ்டேஷன் சோன் ஒன்றில் இருக்கிறது. சோன் ஒன்று என்றால் நடு. நான் முதல் பதிவில் சொன்னது அதைத்தான்.

கிழக்குலண்டன்

அந்த ஸ்டேஷன்ர பேரை ஒருக்கா சத்தமா வாசியுங்கோ.